படகு மீட்கப் போன ரேலீன்

மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்தன்று எங்கள் வாலரூவில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்காது. பேக்கரி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் ஒரு தொப்பி சுற்றி வரும். ஆளுக்கு இரண்டு டாலர் போட்டுவிட்டு, குதிரையின் பெயர் எழுதிய சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் பாதிரியார்கூட எடுப்பார், எடுத்த கையோடு மேலே ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். இந்த ஊரில் அந்தத் தொப்பிக்குள் கைவிடாத ஒரே மனுஷி என் தம்பி மனைவி ரேலீன்தான்.

"தூக்கிட்டுப் போங்க அதை. எனக்கு இங்க பேஸ்டி கருகுது" என்பாள்.

"சும்மா ஒரு விளையாட்டுக்குத்தானே, ரே?"

"என் வீட்டுல ஒருத்தர் விளையாடுற விளையாட்டே போதும்."

அந்த ஒருத்தன் என் தம்பி ராட்னி. நான் அவனுடைய அக்கா, கெரின். பவுலிங் கிளப் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தே என் விரல்கள் வளைந்துவிட்டன. ராட்னியைத் திட்டும் உரிமை ரேலீனுக்கு அடுத்தபடி எனக்குத்தான். அதில் நான் எந்தக் குறையும் வைத்ததில்லை.

ரேலீன் பேக்கரியில் பேஸ்டி மடிப்பவள். இறைச்சியையும் கிழங்கையும் மாவுக்குள் வைத்து ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி மூட வேண்டும். அவள் மூடிய ஓரம் அடுப்பில் பிரிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பல வருஷம் புதுச் செருப்புகூட வாங்காமல், ஓர் அலுமினியப் படகு வாங்கினாள். சின்னப் படகுதான். முன்பக்கம் ஒடுக்கு விழுந்திருக்கும். தூண்டில் கழி செருகச் சாக்கடைக் குழாயை வெட்டி அவளே பொருத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துறையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பினால் ஒரு வாளி நீல நண்டோடும் கிழங்கான் மீனோடும்தான் திரும்புவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாரம் முழுக்க மாவு படிந்த முகம் அப்போதுதான் சிரிக்கும்.

ராட்னி தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன். நல்லவன்தான், அதுதான் வயிற்றெரிச்சல். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். ஆனால் பந்தயம் என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், புத்தி கழன்றுவிடும். முதலில் பப்பில் இருக்கும் சூதாட்ட இயந்திரங்கள். பிறகு கைபேசி வந்தது. இங்கிலாந்தில் எங்கேயோ மழையில் ஓடும் நாய்கள்மேல் இவன் வாலரூவில் உட்கார்ந்து பணம் கட்டினான். அந்த நாய்களின் பெயர்களெல்லாம் தெரியும், என் பிறந்தநாள் மட்டும் தெரியாது.

ரேலீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் அவனைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். அரசாங்கம் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. நம் பெயரை நாமே அதில் கொடுத்துவிட்டால், நாட்டில் உரிமம் வாங்கிய எந்தப் பந்தயக் கம்பெனியும் நம்மிடம் காசு வாங்கக் கூடாது. பக்கத்தில் நின்று அவன் பெயரை ஏற்ற வைத்தாள். அவன் சம்பளத்தையும் தன் கணக்குக்குத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் சாதுவாகிவிட்டான். தோட்டத்தில் தக்காளி போட்டான். "பட்டியல்னா பட்டியல்தான், கெரின். அரசாங்கம் செஞ்ச ஒரே நல்ல காரியம்" என்று ரேலீன் கிளப்புக்கு வரும்போதெல்லாம் சொல்வாள்.

ஆனால் கிடங்கில் எவனோ ஒரு புண்ணியவான் ராட்னியின் காதில் ஊதினான். பட்டியலுக்குக் கட்டுப்படாத இடங்கள் இருக்கின்றன, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவில். அங்கே வங்கி அட்டை கேட்க மாட்டார்கள், பெயர் ஊர் கேட்க மாட்டார்கள். கிரிப்டோ நாணயம் இருந்தால் போதும், கைபேசியிலிருந்தே அனுப்பலாம், நிமிஷத்தில் ஆட ஆரம்பிக்கலாம். நாணயம் வாங்கப் பணம் வேண்டுமே? சம்பளம் ரேலீன் கையில். அவன் பெயரில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரேலீனுக்கு அலுவலகத்தில் வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது என்று, படகை அவன் பெயரில் பதிந்திருந்தார்கள்.

அவள் தங்கையின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மவுண்ட் கேம்பியர் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வண்டிக் கொட்டகையில் படகை ஏற்றிப் போகும் இழுவண்டி மட்டும்தான் நின்றது.

"ராட்னி, படகு எங்க?"

"மொதல்ல உக்காரு, ரே. டீ போடட்டுமா?"

"படகு எங்கடா?"

"வித்துட்டேன். ஆனா முழுசாக் கேளு, ஒரு நல்ல சேதி…"

அவன் முழுசாகச் சொல்லவில்லை. தங்கைக்கு வாங்கி மிஞ்சிய பிஸ்கட் டின் அவன் நெற்றியில் பட்டுவிட்டது. எனக்கு ஃபோன் வந்து நான் ஓடியபோது, ஒருத்தன் ஈரத் துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், ஒருத்தி காலியான கொட்டகைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். ரேலீன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரையும் இழுத்து உள்ளே உட்கார வைத்தேன்.

நல்ல சேதி என்னவென்றால், அவன் ஜெயித்துவிட்டான். கைபேசியைக் காட்டினான். எனக்கு அந்த எண்ணே புரியவில்லை. ஒரு சைபர், ஒரு புள்ளி, அப்புறம் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகச் சைபர்கள், கடைசியில் நாலைந்து இலக்கம். டாலர் குறியே கிடையாது. ராட்னி கணக்குப் போட்டுச் சொன்னான். படகை விற்ற காசைப் போல ஒன்றரை மடங்கு.

"ஒன்றரைப் படகு" என்றாள் ரேலீன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதை யாரும் டாலரில் சொல்லவில்லை.

அடுத்த நாளே அவளும் நானும் பக்கத்து ஊர் மூன்டாவுக்குப் போனோம். படகை வாங்கியவர் வாரன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தோட்டத்துக் குழாயைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"உனக்குச் சம்மதம்னு உன் புருஷன் சொன்னான். அதை நம்பித்தாம்மா வாங்கினேன்."

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல, வாரன். பணம் வந்துடும். திருப்பிக் குடுப்பீங்களா?"

அவர் படகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஈஸ்டர் வரைக்கும் தண்ணியில எறக்காம வெச்சிருக்கேன். குடுத்த விலையைக் குடு, லாபம் வேணாம். ஈஸ்டர் தாண்டிட்டா என்னைக் கேக்காத. நானும் கிழவன், எனக்கும் மீன் பிடிக்க ஆசை இருக்கு."

இதற்குமேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? பணத்தை வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உள்ளே போடும்போது பெயர்கூடக் கேட்காத இடம், எடுக்கும்போது ஜாதகம் கேட்டது. ஓட்டுநர் உரிமத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். ராட்னியின் உரிமம் அட்டையாக இல்லை, கைபேசிக்குள்ளேயே இருக்கிறது, எங்கள் மாநிலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் அவன் கைபேசியை அவன் பிடிக்க, என் கைபேசியில் ரேலீன் படம் எடுத்தாள். வெளிச்சம் அடிக்கிறது என்று திருப்பினார்கள். திரையை மங்கலாக்கி எடுத்தோம், மங்கலாக இருக்கிறது என்றார்கள். விரல் ஓரத்தை மறைக்கிறது என்றார்கள். கடைசியில் நெற்றியில் இருக்கும் வீக்கம் உரிமத்துப் படத்தில் இல்லையே என்றார்கள். ரேலீன் ராட்னியைப் பார்த்தாள், ராட்னி பிஸ்கட் டின்னைப் பார்த்தான்.

அந்தத் தளத்தில் பேசுவதற்கு ஓர் ஒலிவியா இருந்தாள். ஆளா இயந்திரமா, யாருக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் எழுத்தில் பதில் வரும். ரேலீன் ராட்னியின் பெயரில் மாவு ஒட்டிய விரலால் தட்டுவாள்.

'படம் ஏழு அனுப்பிவிட்டோம். எது சரியில்லை என்று ஒரே தடவையில் சொல்ல முடியுமா?'

'உங்கள் உணர்வை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன், ராட்னி! காத்திருக்கும் நேரத்தில் எங்கள் புதிய விளையாட்டுகளை முயன்று பாருங்களேன்!' கூடவே ஒரு மஞ்சள் சிரிப்பு.

"இவ மட்டும் என் கையில கெடைச்சா, இந்த மஞ்ச மூஞ்சியை இடிச்சு மாவாக்கிடுவேன்" என்பாள் ரேலீன்.

இந்த இழுபறியில் இன்னொரு கூத்தும் நடந்தது. நாணயத்தின் விலை உலகத்தில் எங்கேயோ ஏறும், எங்கேயோ இறங்கும். யாரும் ஒன்றும் செய்யாமலே ஒரு காலையில் எங்கள் ஒன்றரைப் படகு ஒன்றேகால் படகாகிவிட்டது. ராட்னி தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

ஒரு வழியாகப் படத்தை ஏற்றார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. ரேலீன் பணம் எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். அப்போது திரையில் ஒரு பட்டை வந்தது, கிட்டத்தட்டக் காலியாக. ஆட ஆரம்பித்த அன்று ராட்னி 'வரவேற்புப் பரிசு' என்று மின்னிய ஒன்றைத் தட்டியிருக்கிறான். அந்தப் பரிசைத் தொட்டவன், பரிசைப் போல நாற்பது மடங்குக்குப் பந்தயம் கட்டித் தீர்க்க வேண்டும். அந்தப் பட்டை நிரம்பும்வரை சல்லிக் காசு வெளியே வராது.

"அதாவது" என்றாள் ரேலீன் மெதுவாக, "சூதாடுறதை நிறுத்திட்டுக் காசை எடுக்கணும்னா, சூதாடணும்."

"ஆமா" என்றான் ராட்னி, தரையைப் பார்த்தபடி.

"விட்டுத் தொலை, ரே. போனது போகட்டும்" என்றேன்.

"விட்டா? என் படகு வாரன் வீட்டுக் கொட்டகையில நிக்குது, கெரின். கண்ணுக்கு முன்னால நிக்குது."

"சரி, நான் பாத்து மெதுவா…" என்று ராட்னி கையை நீட்டினான். அவன் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"நீ தொட்டா கையை ஒடிச்சிடுவேன். ருசி கண்டவன் தொடக் கூடாது. எனக்குத்தான் இதுல ருசியே கிடையாதே? துணிக்கு இஸ்திரி போடுற மாதிரி நான் போட்டு முடிக்கிறேன். இருக்கறதுலயே சின்னப் பந்தயம். பட்டை நெறைஞ்சதும் மூடிட்டு எழுந்துடுவேன்."

நாங்கள் நம்பினோம். வாலரூவில் யாரைக் கேட்டிருந்தாலும் நம்பியிருப்பார்கள். தொப்பிக்குள் கைவிடாதவள் அல்லவா? கடவுச்சொல்லை மாற்றி ராட்னிக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள்.

அவள் பொறுக்கியது ஒரு மீன்பிடி விளையாட்டு. நீலத் தண்ணீர், ஒரு தூண்டில், வரிசையாக மீன்கள் சுற்றி வந்து நிற்கும். ஒரே மாதிரி மீன்கள் சேர்ந்தால் காசு. முதல் நாட்களில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த மீனும் அந்த நண்டும் ஒரே தண்ணியில இருக்குமா? இதை வரைஞ்சவன் கடலையே பாத்ததில்ல." சாயங்காலம் வேலை முடித்து வந்து, காலை நாற்காலிமேல் போட்டுக்கொண்டு, என்னோடு கதை பேசியபடியே பார்க்காமல் தட்டுவாள். நான் பட்டாணி உரிப்பேன், அவள் தட்டுவாள். பட்டை எறும்பு ஊருகிற மாதிரி நகர்ந்தது.

நான் கவனிக்காமல் இல்லை. பேச்சு நின்று போனதை முதலில் கவனித்தேன். நான் ஒன்று கேட்டால் "ம்" என்று வரும், கொஞ்ச நேரம் கழித்து "என்ன கேட்ட?" என்று வரும். அந்த விளையாட்டு ஜெயித்தாலும் மணி அடிக்கும், போட்டதில் பாதி திரும்பினாலும் அதே மணிதான் அடிக்கும். தோற்றதற்கு மணி அடிக்கிறார்கள் என்று முதல் வாரம் திட்டியவள் அவளே. பிறகு மணி அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேக்கரிக் கல்லாவில் ஐந்து சென்ட் குறைந்தால் கடையைத் தலைகீழாகப் புரட்டுபவள், அந்தச் சைபர் வரிசையில் எது போகிறது எது வருகிறது என்று சொல்லத் தெரியாமல் போனாள். "அது காசு மாதிரியே இல்ல, கெரின். காசுங்கறதே மறந்துபோய் வெறும் நம்பர் மட்டும் ஓடுது" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பட்டை பாதிக்குமேல் வந்துவிட்டது, கையில் ஒரு படகுக்குமேல் இருந்தது. என்னத்தைச் சொல்ல?

அப்புறம் பேக்கரியிலிருந்து புகார். அவள் மடித்த பேஸ்டி ஓரம் பிரிந்து குழம்பு வழிகிறதாம். மாவு மேஜைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு ஒரு கையால் மடிக்கிறாளாம்.

ராட்னி கிளப் சமையலறைக்கே வந்துவிட்டான். கதவோரம் நின்று தொப்பியைக் கசக்கினான்.

"கெரின், நீ அவகிட்டப் பேசு."

"எதைப் பத்தி?"

"அவ மீனோட பேசுறா. 'வா வா, கடி, இப்பக் கடி'ங்கிறா. நான் சமைச்சு வெச்சா ஆறிப்போகுது. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். கண்ணாடியில பாத்திருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "படகை வித்தது யாரு? அவளை அந்த நாற்காலியில உக்கார வெச்சது யாரு? நீ பண்ணின நாசத்தைத் துடைக்க அவ கஷ்டப்படுறா, நீ வந்து அவ மூஞ்சியைப் பத்திப் பேசுறியா? போடா, போய்த் தக்காளிக்குத் தண்ணி ஊத்து."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். ராட்னி ஒரு விஷயத்தில் சரியாகப் பேசி நான் கேட்காதது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் எல்லாத் தடவையும் அவன் தப்பாகத்தான் பேசினான், அது என் குற்றமா?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பட்டை நிரம்பியது. ரேலீன் ஃபோனில் கத்திய கத்தலில் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். நாணயம் ஏறி இறங்கி, மீன்கள் தின்றது போக, கையில் மிஞ்சியது ஒரு படகு, மேலே கொஞ்சம். போதும், அதுதானே வேண்டியது! மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். அவள் பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இரண்டு நாளுக்குள் பணம் வந்து சேரும்' என்று வந்தது. ராட்னி அவளைத் தூக்கிச் சுற்றினான், முதுகு பிடித்துக்கொண்டது. வாரனுக்கு ஃபோன் போட்டாள். "சனிக்கிழமை வர்றோம், வாரன். இழுவண்டியோட வர்றோம்." அவர் அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது.

திரையில் அந்த வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு சின்னப் பொத்தான் இருந்தது. 'ரத்து செய்து தொடர்ந்து விளையாடு.' ராட்னிதான் பார்த்தான்.

"ரே, பணம் வர்ற வரைக்கும் ஃபோனைக் கெரின்கிட்டக் குடுத்துடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். குடுத்துடு."

"நான் என்ன உன்னை மாதிரின்னு நெனச்சியா?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் முகம் சிவந்து வெளியே போனான்.

சனிக்கிழமை வெயில் அருமையாக இருந்தது. காற்று இல்லை, நண்டுக்கு ஏற்ற நாள். கொட்டகையில் நின்ற இழுவண்டியை என் வண்டியில் மாட்டிக்கொண்டு மூன்று பேரும் மூன்டா போனோம். வழி முழுக்க ரேலீன் பின் இருக்கையில் பேசாமல் வந்தாள். பூரிப்பில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி.

வாரன் படகைக் கழுவித் துடைத்து வாசலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார். மோட்டாருக்கு எண்ணெய்கூட ஊற்றியிருந்தார். தூண்டில் செருகும் சாக்கடைக் குழாய் ஒன்று ஆடியதாம், அதையும் இறுக்கியிருந்தார். "பின்ன, மொட்டையாவா திருப்பித் தர முடியும்?" என்றார். ராட்னியும் அவரும் சேர்ந்து படகை இழுவண்டியில் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டினார்கள். ராட்னி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

"பணம் வந்துடுச்சா, ரே?" என்று கேட்டான்.

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"ரே? இன்னும் வரலையா? வரலேன்னா என்ன, திங்கக்கெழமை…"

"மோட்டார் பழசாயிடுச்சு, ராட்னி" என்றாள் அவள். "போன வருஷமே மூணு தடவை நின்னுபோச்சு. நடுக்கடல்ல நின்னா என்ன பண்றது? படகோட ஒரு புது மோட்டாரும் சேத்து எடுத்துடலாம்னு பாத்தேன். கொஞ்சம்தான் வேணும். நேத்து நல்லாக் கடிச்சிட்டிருந்துச்சு."

வாரன் என்னைப் பார்த்தார்.

"ரத்து பண்ணிட்டியா?" என்றேன்.

"ஒரு கட்டத்துல ரெண்டு படகு இருந்துச்சு, கெரின். என் கண்ணால பாத்தேன். ரெண்டு படகு!"

"இப்ப எவ்வளவு இருக்கு?"

அவள் கைபேசியைப் பார்த்தாள். "ஒரு துடுப்புக்கு வரும்" என்றாள்.

என் வாயில் வந்ததையெல்லாம் நான் அந்த வாசலில் கொட்டினேன். எதைச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, வாரனின் நாய் பயந்து வீட்டுக்குள் ஓடிவிட்டது. ராட்னி இழுவண்டிக்குப் போய், கட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். படகை இறக்கி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தான். வாரன் டீ கொண்டுவந்து நீட்டினார், பாவம், வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. அதைக் குடித்துவிட்டு வெறும் இழுவண்டியோடு வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு ராட்னி அவளைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம், ஆனால் அவனுக்குத் தெரிந்ததைத்தான் அவன் செய்தான். மேஜையில் உட்கார வைத்து அந்த விலக்குப் பட்டியலில் அவள் பெயரை ஏற்ற வைத்தான். பேக்கரிச் சம்பளத்தைத் தன் கணக்குக்குத் திருப்பிக்கொண்டான். பட்டியல் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு அந்தத் தளத்தின் பெயரைச் சொன்னான். ஃபோனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அது எங்கள் உரிமத்தில் இல்லை ஐயா, அதனால் பட்டியல் அதைத் தடுக்காது என்றாள்.

"அப்ப யாரு தடுப்பாங்க?" என்று கேட்டான் அவன்.

இன்னும் தட்டுகிறாயே, காசு எங்கிருந்து வருகிறது என்று நான் ரேலீனிடம் கேட்டேன். "காசே போடுறதில்ல. அந்தத் துடுப்பை வெச்சுத்தான் ஆடுறேன். தீந்துட்டா ஒலிவியா இலவசமா ஆட ரெண்டு சுத்து அனுப்புவா" என்றாள். மஞ்சள் மூஞ்சிக்காரியைப் பற்றி இப்போது தோழியைச் சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்.

நவம்பரில் மெல்பர்ன் கப் வந்தது, பேக்கரிக்குத் தொப்பியும் வந்தது. இந்த வருஷமும் அவள் அதற்குள் கைவிடவில்லை.

போன ஞாயிறு அவளை வலுக்கட்டாயமாகக் கடல் பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். படகு இல்லாவிட்டால் என்ன, வலைக்கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நண்டு தானாக ஏறும், கொஞ்சம் உப்புக் காற்றாவது படட்டும் என்று. நான் ஐந்தாறு நண்டு தூக்கிவிட்டேன். அவள் கூடையில் ஒன்று ஏறிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, அவள் இழுக்கவில்லை. பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது படித்துறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இருமி இருமி ஓடும் பழைய மோட்டார், அது எனக்கே தெரியும். முன்பக்க ஒடுக்கில் வெயில் பட்டு மின்ன, வாரன் பாலத்துக்கு நேர் கீழே வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். தொப்பியைக் கழற்றி, கொஞ்சம் தயங்கி, கையை ஆட்டினார்.

"ரே" என்றேன். "ரே, உன் படகு போகுது பாரு."

"ம்" என்றாள். கட்டைவிரல் நிற்கவில்லை. "இரு, கெரின். ஒரு நிமிஷம். இப்பக் கடிக்கப்போகுது."